பதிவு செய்தவளுக்குத்தான் அபராதமா? தமிழ்நாடு தலைமைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

ஓசூரில் ஒரு வாடகை வீட்டின் சமையலறையில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பூண்டு ஊறுகாய் செய்து விற்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவு செய்து, அந்தச் சான்றிதழை விதி சொல்கிறபடி வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் மாட்டியும் வைத்திருந்தேன். அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான், இது வீடு இல்லை, வியாபாரம் நடக்கிற இடம் என்று சொல்லி, எங்கள் மின் இணைப்பை வீட்டுக் கட்டணத்திலிருந்து கடைக் கட்டணத்துக்கு மாற்றி, முந்தைய மாதங்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள், மின்வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள்.

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் முறுக்கு சுற்றுகிறவர்கள், கேக் செய்கிறவர்கள், மாவு அரைத்து விற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் எந்தச் சான்றிதழும் இல்லை, அதனால் அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவர்களும் என்னைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் எனக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அவர்களில் ஒருவர்கூட இனி பதிவு செய்யப் போவதில்லை. "நல்லவேளை, நான் எங்கேயும் போய் எழுதிக் கொடுக்கலை" என்று ஒரு அக்கா என்னிடமே சொன்னார். சட்டத்தை மதித்தவள் மாட்டிக்கொள்கிறாள், மதிக்காதவர் தப்பிக்கிறார் என்று ஊருக்குள் ஒரு பாடம் நடத்தியாகிவிட்டது. அதைத் திருத்தச் சொல்லித்தான் இந்த மடல்.

ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், இது எந்த ஒரு துறையின் கணக்கிலும் வரவில்லை. உணவுப் பதிவு சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. எடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைப்பது தொழிலாளர் துறை. மின்சாரம் எரிசக்தித் துறை, வீட்டு வரியும் தொழில் உரிமமும் உள்ளாட்சி, ஜிஎஸ்டி வணிகவரித் துறை. எங்கே போய்க் கேட்டாலும் "அது எங்க துறை இல்லைம்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள், அவரவர் அளவில் அது உண்மையும்கூட. இத்தனை துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடிய இடம் உங்களுடையது.

பதிவு செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி வீட்டில் செய்து விற்கிற உணவுக்கும் பதிவு கட்டாயம். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் உரிமம் வேண்டாம், பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் என்று அப்போது இருந்த விதியின்படி நான் பதிந்தேன். 100 ரூபாய் என்பது நியாயமான தொகை, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அந்த 100 ரூபாய் வேலைக்கு வெளியே இருக்கிற சென்டர்களில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், காரணம், விண்ணப்பப் படிவத்தின் ஆங்கிலமும் அதில் கேட்கிற தொழில் வகைகளும் எங்களில் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் அப்படித்தான். 2020 ஜூலையிலிருந்து அது முழுக்க இலவசம். ஆனால் இணையத்தில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் முன்னால் வந்து நின்று காசு கேட்கின்றன. கட்டியவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளில், சிறு உணவுத் தயாரிப்பாளர் விண்ணப்பித்த 7 நாட்களுக்குள் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருகிறோம் என்று தகவல் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆய்வு என்றால் அதையும் 30 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். இது எதுவும் நடக்காவிட்டால் தொழிலைத் தொடங்கிக்கொள்ளலாம், பிறகு அதிகாரி சொல்லும் திருத்தங்களைச் செய்துகொண்டால் போதும் என்றும் அதே விதியில் எழுதியிருக்கிறது. இவ்வளவு நல்ல விதியை எங்களுக்குச் சொல்ல ஒருவர்கூட இல்லை. என் விண்ணப்பம் அந்த 7 நாளைத் தாண்டியும் அப்படியே கிடந்தது, ஆர்டர் கொடுத்தவர்களிடம் பொறுங்கள் பொறுங்கள் என்று சொல்லிச் சொல்லி ஒரு தீபாவளி ஆர்டரையே விட்டேன். விதியைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டியிருந்தால் அது போயிருக்காது.

இப்போது மின்சாரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் கழுத்தைப் பிடித்திருப்பது அதுதான்.

வீட்டு இணைப்புக்கான கட்டண வகை டாரிஃப் 1ஏ. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அறிவித்தது இந்த இணைப்புகளுக்குத்தான். கடைகளுக்கு டாரிஃப் 5. அங்கே முதல் யூனிட்டிலிருந்தே காசு, நிலைக்கட்டணம் வேறு. எங்கள் வீட்டில் ஒரே மீட்டர். அதை டாரிஃப் 5-க்கு மாற்றினால் ஃபிரிட்ஜ், ஃபேன், தண்ணீர் மோட்டார், பிள்ளைகள் படிக்கிற விளக்கு வரைக்கும் எல்லாமே கடைக் கணக்கில் ஓடுகிறது.

சரி, என் தொழில் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பாருங்கள். வறுப்பது கேஸ் அடுப்பில், அதற்காக 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்குகிறேன், வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குற்றம் என்று தெரியும். அரைப்பது மாவு மில்லில். வறுத்த பருப்பையும் மிளகாயையும் சூடு ஆறியதும் தூக்கில் போட்டு எடுத்துப்போய், எங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு கலக்காமல் இருக்க முதலில் ஒரு கைப்பிடி பருப்பைப் போட்டு ஓட்டித் தள்ளிவிட்டு, அப்புறம்தான் பொடியை அரைத்து வாங்கி வருகிறேன். அந்த மின்சாரத்துக்கு மில்காரர் தொழில் கட்டணம் கட்டுகிறார், அவர் கூலியில் அது எனக்கும் வந்து சேர்கிறது. வீட்டில் இந்தத் தொழிலுக்கென்று ஓடுவது எடைத் தராசு, பூண்டு அரைக்கிற மிக்ஸி, கவர் ஒட்டுகிற சீலிங் மெஷின். அந்த சீலிங் மெஷினில் கம்பி சூடாவது கையால் அழுத்துகிற நேரத்துக்கு மட்டும்தான், மேலே சின்னச் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்ததும் கவர் ஒட்டிக்கொண்டிருக்கும், கரண்டும் நின்றுவிடும். இதை வைத்துத்தான் ஒரு குடும்பத்தின் மொத்த மின் இணைப்பும் வணிகம் என்று ஆகிவிட்டது.

கட்டணத்தை மாற்றியதோடு விடவில்லை. மின்சாரச் சட்டம் 2003-இல் பிரிவு 126 இருக்கிறது. அனுமதி பெற்ற காரணத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்தினால் பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம், எப்போதிலிருந்து என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடலாம் என்கிறது அது. எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்தான், பிரிவு 127-இல் வழி இருக்கிறது, ஆனால் இறுதி உத்தரவு வந்த 30 நாட்களுக்குள் போக வேண்டும், போட்ட தொகையில் பாதியை முதலில் கட்டினால்தான் மனுவையே எடுத்துக்கொள்வார்கள். மாதம் முழுக்கப் பொடி விற்று வருகிற லாபம் அந்தப் பாதித் தொகைக்கு எட்டாது. மின்சாரத்தை முறைகேடாக இழுக்கிற பெரிய ஆட்களைப் பிடிப்பதற்கும் எங்களை மிரட்டுவதற்கும் ஒரே பிரிவா?

என்னை இன்னும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அதே 1ஏ டாரிஃபின் விளக்கத்தில், தொழில்முறை வல்லுநர்கள் தங்கள் வீட்டோடு சேர்ந்து வைத்திருக்கிற 200 சதுர அடிக்கு மிகாத ஆலோசனை அறைகளுக்கும் வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று இருக்கிறது. டாக்டர் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்க்கலாம், வக்கீல் கட்சிக்காரரைச் சந்திக்கலாம், ஆடிட்டர் கணக்குப் பார்க்கலாம், அது வீடுதான். நெசவாளர் வீட்டில் தறி போட்டாலும் வீடுதான், அது மிகவும் சரியான முடிவு, யாரும் அதில் கை வைக்கக் கூடாது. என் சமையலறை 200 சதுர அடியில் பாதிகூட வராது. அதே அடுப்பில் காலையில் பிள்ளைகளுக்குத் தோசை வார்க்கிறேன், பத்து மணிக்கு மேல் பருப்பு வறுக்கிறேன். ஃபீஸ் வாங்குகிறவர் அறை வீடாகவும், பொடி விற்கிறவள் அடுப்படி கடையாகவும் இருப்பதற்கு என்ன காரணம் என்று எந்த அதிகாரியும் எனக்குச் சொல்லவில்லை. பெண்கள் செய்கிற வேலை என்பதால் யாருக்கும் இது தோன்றாமல் போய்விட்டது என்று நான் நினைக்கிறேன்.

குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் 3ஏ1 என்று தனியாக ஒரு கட்டணம் இருப்பதை ஒரு பட்டறைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பொருள் உற்பத்தி செய்கிறவர்களுக்கு உள்ளது அது, கடைக் கட்டணத்தைவிடக் குறைவு. என்னிடம் உத்யம் சான்றிதழும் இருக்கிறது. என்றாலும் ஆய்வுக்கு வந்தவர்கள் அப்படி ஒன்று இருப்பதை வாய் திறந்து சொல்லவில்லை. பிறகு போய்க் கேட்டபோது தொழிலுக்குத் தனி மீட்டர் வேண்டும், அதற்குத் தனி வயரிங், தனித் தடுப்பு வேண்டும் என்றார்கள். வாடகை வீட்டில் சுவர் எழுப்ப எனக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்?

வாடகை வீடு என்றேன் இல்லையா, நோட்டீஸ் என் பெயருக்கு வரவில்லை. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அவர் பெயருக்குத்தான் வந்தது. அவர் நல்ல மனிதர், வயதானவர், அரசாங்கக் கடிதம் என்றாலே பயப்படுகிறவர். இதைப் பார்த்து வீட்டு வரியையும் கடை வரியாக மாற்றிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு. "தொழிலை நிறுத்தும்மா, இல்லைன்னா வேற வீடு பாரும்மா" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்களில் எத்தனை பேருக்குச் சொந்த வீடு இருக்கிறது? இருந்தாலும் எத்தனை வீடு பெண் பெயரில் இருக்கிறது? விதியை எழுதும்போது இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அடுத்தது லேபிள். பாக்கெட்டில் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, விலை, பச்சைப் புள்ளி, 14 இலக்கப் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். இருக்கட்டும், சாப்பிடுகிறவருக்கு அது உரிமை. ஆனால் சட்டமுறை எடையளவு விதிகள் புகார் சொல்வதற்கான முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அச்சிடச் சொல்கின்றன. தொழிற்சாலைக்கு அது அலுவலக முகவரி. எனக்கு அது நானும் என் மகளும் தூங்குகிற வீடு. பாக்கெட்டில் இருக்கிற எண்ணைப் பார்த்து இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, பொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வேறு என்னென்னவோ பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவன் முகவரியைப் படித்துவிட்டுத் தெருவுக்கே வந்து நின்றான். புகார் சொல்ல வழி இருக்க வேண்டும் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். அதற்கு ஒரு பெண்ணின் வீட்டு முகவரியைக் கடை கடையாகத் தொங்கவிட வேண்டுமா? பதிவு எண்ணைப் போட்டால் அதிகாரிகளுக்கு என் முகவரி வரப்போகிறது, வாங்கியவர் புகாரும் அந்த வழியிலேயே வரட்டுமே.

ஜிஎஸ்டி பற்றியும் சொல்லியாக வேண்டும், எங்கள் ஊர் இருக்கிற இடம் அப்படி. பொருள் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் மாநிலம் தாண்டி ஒரு பாக்கெட் விற்றாலும் பதிவு கட்டாயம். சேவை செய்கிறவருக்கு அப்படியில்லை, வீட்டிலிருந்தபடியே வெளிமாநிலத்துக்கு வேலை செய்து 20 லட்சம் வரை சம்பாதித்தாலும் பதிவு வேண்டாம் என்று 2017 அக்டோபரிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கைவினைப் பொருட்களுக்கும் விலக்கு உண்டு. பொடிக்கும் ஊறுகாய்க்கும் கிடையாது. ஆக, 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற சென்னைக்கு நான் தாராளமாக அனுப்பலாம். பஸ் ஏறினால் சீக்கிரமே வந்துவிடுகிற, எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருக்கிற அத்திப்பள்ளிக்கு அனுப்பக் கூடாது. பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள்தான் என் பொடியை அதிகம் கேட்கிறவர்கள், எங்களுக்கு அதுதான் பக்கத்துச் சந்தை. அவர்கள் கேட்கும்போதெல்லாம் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தவறாமல் ரிட்டர்ன் போடவும் அதற்கு ஆள் வைக்கவும் இந்தத் தொழில் தாங்காது.

இவ்வளவையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்னொரு பக்கம் அரசு எங்களை வா வா என்று கூப்பிடுகிறது. குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசின் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை என்று 2020-இல் அறிவித்தார்கள். மகளிர் குழுக்களுக்குப் பொடி, ஊறுகாய், தின்பண்டம் செய்யப் பயிற்சி கொடுக்கிறார்கள், நானும் அப்படி ஒரு பயிற்சியில் உட்கார்ந்தவள்தான். காற்று ஈரம் ஏறாமல் எப்படிப் பொடியை வைப்பது, லேபிள் எப்படி அமைய வேண்டும் எல்லாம் அருமையாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மின் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பயிற்சி முடித்து வீட்டுக்குப் போய்த் தொடங்குகிற அத்தனை பெண்களும் எந்த நாளிலும் இந்த நோட்டீஸை வாங்கலாம் என்பதை அந்தத் துறைக்காவது யாராவது சொல்லுங்கள்.

நான் கேட்பது இதுதான்.

உணவுப் பதிவோ உத்யம் பதிவோ வைத்திருந்து, தான் குடியிருக்கிற வீட்டிலேயே தொழில் செய்கிறவர்களுக்கு வீட்டுக் கட்டணமே தொடரும் என்று 1ஏ விளக்கத்தில் சேர்க்க வேண்டும். பரப்புக்கு வரம்பு வையுங்கள், மின் சுமைக்கு வரம்பு வையுங்கள், வல்லுநர்களுக்கு வைத்த அதே 200 சதுர அடியை வைத்தாலும் சம்மதம். கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்பது தெரியும், ஆனால் பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு மாநில அரசு வழிகாட்டுதல் தர மின்சாரச் சட்டம் பிரிவு 108 இடம் கொடுக்கிறது, அதனால் ஆகும் இழப்பை மானியமாகத் தரப் பிரிவு 65 இருக்கிறது. அந்த வழியில் போங்கள்.

அது நடக்கும் வரை, வீட்டில் தொழில் செய்கிறவர்கள் மேல் நேரடியாகப் பிரிவு 126-ஐப் போடக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். முதலில் எழுத்தில் தமிழில் ஒரு அறிவிப்பு, 3ஏ1 இருக்கிறது என்ற தகவலோடு, விண்ணப்பிக்க ஒரு மாத அவகாசத்தோடு கொடுக்கட்டும். உத்யம் சான்றிதழ் காட்டினால் இருக்கிற மீட்டரிலேயே வகையை மாற்றித் தர வேண்டும், தடுப்புச் சுவர் கேட்கக் கூடாது. ஏற்கெனவே போட்ட அபராதங்களை, என்னுடையதை மட்டும் இல்லை, மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

வீட்டின் ஒரு பகுதியில் இப்படித் தொழில் நடப்பதைக் காரணம் காட்டி முழு வீட்டையும் குடியிருப்பு அல்லாத கட்டடமாக வரிக்கு மாற்ற மாட்டோம் என்று உள்ளாட்சித் துறை எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால் வீட்டுக்காரர்கள் பாதிப் பேருக்குப் பயம் போய்விடும்.

உணவுப் பதிவு, தராசு முத்திரை, பாக்கெட் விதிகள், மின் கட்டண வகை, எரிவாயு, வரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எளிய தமிழில் எழுதி, எது இலவசம், எதற்கு எவ்வளவு, எத்தனை நாளில் என்று போட்டு, இ-சேவை மையங்களிலும் மாவட்டத் தொழில் மையங்களிலும் ஒட்ட வேண்டும். அந்த 7 நாள் விதி அதில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

வீட்டு முகவரிக்குப் பதிலாகப் பதிவு எண்ணும் துறையின் புகார் எண்ணும் போதும் என்ற திருத்தத்தை மத்திய அரசிடம் மாநிலம் கேட்க வேண்டும். ஜிஎஸ்டி கவுன்சிலில் நம் அமைச்சர் உட்கார்ந்திருக்கிறார், சேவைக்குக் கொடுத்த 20 லட்சம் விலக்கைச் சிறு உணவுத் தயாரிப்பாளர்களின் வெளிமாநில விற்பனைக்கும் கொடுக்கச் சொல்லி அங்கே பேச வேண்டும்.

கடைசியாக, தெரு வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டம் வந்தது, ஊர்தோறும் அமைகிற விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களே உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். வீட்டிலிருந்து தொழில் செய்கிற எங்களுக்கான விதிகளைத் திருத்த நீங்கள் கூட்டுகிற கூட்டத்தில் எங்களுக்கும் நாற்காலி போடுங்கள். தேதியைச் சொன்னால் நான் வருகிறேன், அபராத நோட்டீஸையும் சான்றிதழையும் கையோடு எடுத்து வருகிறேன். இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து, வீட்டில் பொடியும் ஊறுகாயும் செய்து விற்கும் ஒரு பெண்